டிரிப் குழாயில் ஒரு சின்ன இணைப்பு... அதற்கு ஏன் இவ்வளவு கவனம்?

மருத்துவமனையில் யாரையாவது பார்க்கப் போயிருப்பீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் தொங்கும் டிரிப் பை, அதிலிருந்து கைக்கு இறங்கும் மெல்லிய குழாய். "டிரிப் முடியப்போகுது, தாதியைக் கூப்பிடு" என்று உறவினர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நம் கண் எப்போதும் பையின் மேல்தான். இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு என்றுதான் பார்ப்போம். குழாயும் கையில் உள்ள ஊசியும் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் இணைப்பை யாரும் கவனிப்பதில்லை.

அது கழன்றால் மருந்து கீழே சிந்தும், ரத்தம் வெளியேறலாம், சில நேரங்களில் காற்று உள்ளே போகலாம். அது தவறான குழாயோடு சேர்ந்துவிட்டால் உயிரே போகலாம். அப்படிப் போயும் இருக்கிறது.

விரல் நுனி அளவே உள்ள அந்த இணைப்பை எப்படி வடிவமைக்கிறார்கள்? வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் என்ன தெரிந்துவைத்திருக்க வேண்டும்? பார்ப்போம்.

100 ஆண்டுக்கும் மேலான வடிவம்

அந்த இணைப்பின் பெயர் 'லூயர்'. 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்துவந்த லூயர் குடும்பத்தின் பெயர் அது. கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் கசியாமல் சேர வேண்டும் என்பதற்காக உருவான வடிவம். 1898இல் அமெரிக்காவின் பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

யோசனை ரொம்ப எளிமையானது. ஒரு பக்கம் கூம்பு மாதிரி லேசாகச் சரிந்த முனை. இன்னொரு பக்கம் அதே சரிவில் ஒரு குழி. 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு 6 மில்லிமீட்டர் விட்டம் குறையும். அதாவது 6 விழுக்காடு சரிவு. முனையைக் குழிக்குள் அழுத்தினால் இரண்டும் இறுகிக் கவ்விக்கொள்ளும். ரப்பர் வளையம், பசை எதுவும் தேவையில்லை.

வெறும் அழுத்தத்தில் நிற்பது ஒரு வகை. சுற்றிலும் மரை வைத்து, திருகிப் பூட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் 'லூயர் லாக்'. டிரிப் குழாய்களில் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள். நோயாளி தூக்கத்தில் புரண்டு படுத்தாலும், கழிவறைக்குப் போகும்போது குழாய் இழுபட்டாலும் சட்டென்று கழலாது.

நம்பகமான இணைப்பு என்றால் என்ன?

"திருகினால் இறுகுது, அப்புறம் என்ன?" என்று தோன்றலாம். தயாரிப்பாளருக்கு அது போதாது. இந்த இணைப்புகளுக்கென்று அனைத்துலகத் தரநிலை இருக்கிறது. அதன் எண் ஐஎஸ்ஓ 80369. அதன் 7ஆம் பகுதி ரத்த நாளத்துக்குப் போகும் குழாய்களுக்கானது. அதில் தேற வேண்டிய சோதனைகள் பல.

முதலாவது, கசிவு. இணைப்புக்குள் சுமார் 300 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். அது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல கிட்டத்தட்ட 3 மடங்கு.

இரண்டாவது, காற்று. உள்ளே உறிஞ்சும் அழுத்தம் ஏற்படுத்தி, வெளிக்காற்று நுழைகிறதா என்று பார்ப்பார்கள். தண்ணீர் வெளியே வராத இணைப்பில்கூட காற்று உள்ளே போகலாம். கழுத்து, நெஞ்சுப் பக்கம் உள்ள பெரிய ரத்த நாளத்தில் போடப்பட்ட குழாயில் இது பெரிய ஆபத்து. நாம் மூச்சை இழுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த நேரத்தில் இணைப்பு திறந்திருந்தால் காற்று இதயம் வரை போய்விடலாம்.

மூன்றாவது, இழுவை. பூட்டும் வகையை 35 நியூட்டன் வரை இழுத்துப் பார்ப்பார்கள். மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கழலக் கூடாது.

திருகு தானாகத் தளர்கிறதா, அளவுக்கு மீறித் திருகினால் மரை வழுக்கிவிடுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

பிளாஸ்டிக்குக்கும் விரிசல் விழும்

இன்னொரு சோதனை, விரிசல். இது பலருக்குத் தெரியாத விஷயம்.

கூம்பு முனையை அழுத்தித் திருகும்போது வெளிப்பக்கத்துப் பிளாஸ்டிக் எப்போதும் விரிந்த நிலையிலேயே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத இழுவிசை அதில் தங்கியிருக்கும். அந்த நிலையில் சில திரவங்கள் பட்டால் பிளாஸ்டிக் நாளடைவில் வெடிக்கும்.

எந்தத் திரவங்கள்? கிருமி நீக்கத் துடைக்கும் ஆல்கஹால். நரம்பு வழி ஊட்டச்சத்தாகக் கொடுக்கப்படும் வெள்ளை நிறக் கொழுப்புத் திரவம். சில மயக்க மருந்துகளும் கொழுப்பில் கலந்துதான் வருகின்றன. பாலிகார்பனேட் என்ற பளிங்கு போன்ற பிளாஸ்டிக் உறுதியானதுதான். ஆனால் இவை பட்டால் அதில் விரிசல் விழுவது மருத்துவ உலகம் நன்கு அறிந்த சிக்கல்.

அதனால் வடிவமைப்பவர் அளவை மட்டும் பார்த்தால் போதாது. எந்த மருந்து போகும், எதைக் கொண்டு துடைப்பார்கள், எத்தனை நாள் இருக்கும், எவ்வளவு இறுக்கித் திருகுவார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பரபரப்பான வார்டில், கையுறை போட்ட கையோடு, மங்கிய வெளிச்சத்தில் ஒரு தாதி அதைத் திருகுவார் என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

எல்லாமே எல்லாவற்றோடும் பொருந்தினால்?

லூயர் இணைப்பின் பெரிய பலம், அது எங்கும் பொருந்தும் என்பது. எந்த நிறுவனத்தின் சிரிஞ்சும் எந்த நிறுவனத்தின் ஊசியிலும் சேரும். மருத்துவமனைக்கு வசதி, செலவும் குறைவு.

அதன் பெரிய பலவீனமும் அதுவேதான்.

ஒரு நோயாளியின் உடலில் ஒரே நேரத்தில் பல குழாய்கள் இருக்கலாம். ரத்த நாளத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு உணவு கொடுக்க ஒன்று, முதுகுத்தண்டில் வலி மருந்துக்கு ஒன்று. இவை எல்லாவற்றிலும் ஒரே வகை இணைப்பு இருந்தால் ஒன்றை இன்னொன்றோடு மாட்டிவிட முடியும். குழாய் தடுக்காது, "இது வேற இடம்" என்று சொல்லாது. அழகாகப் பொருந்திவிடும்.

2001ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹம் நகரில் 18 வயது இளையர் ஒருவர் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்தார். அவருக்கு வின்கிரிஸ்டின் என்ற மருந்தும் கொடுக்கப்பட வேண்டியிருந்தது. அதை ரத்த நாளத்தில் மட்டுமே செலுத்த வேண்டும். முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள திரவத்தில் போனால் நரம்பு மண்டலத்தையே அழித்துவிடும்.

நம் பேச்சில் 'நரம்புல ஊசி போட்டாங்க' என்போம். அது உண்மையில் ரத்த நாளம். இங்கே நடந்தது வேறு. மருந்து நிஜமாகவே நரம்பு மண்டலத்துக்குள் போய்விட்டது. சிரிஞ்ச் முதுகுத்தண்டு ஊசியில் எந்தத் தடையும் இல்லாமல் பொருந்தியது. ஏறக்குறைய ஒரு மாதம் போராடி அந்த இளையர் உயிரிழந்தார்.

அதே மருந்தால் அதே தவறு அதற்கு முன்பும் வேறு இடங்களில் நடந்திருந்தது. எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார்கள், விதிமுறை எழுதினார்கள், இருவர் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் களைத்துப்போன மனிதர் ஒரு நொடி தவறினால் அவரைத் தடுக்கக் கருவியில் எதுவும் இல்லை.

2007இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்த மருந்தைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. சிரிஞ்சில் வேண்டாம், சிறிய டிரிப் பையில் கலந்து கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. காரணம் எளிது. பையைப் பார்த்தால் யாருக்கும் அதை முதுகுத்தண்டில் செலுத்தத் தோன்றாது.

தவறாக மாட்டவே முடியாத வடிவம்

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக் கதவில் போட்டால் திறக்காது. அதே யோசனைதான் ஐஎஸ்ஓ 80369 தொடரின் அடிப்படை. உடலின் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வடிவம். ஒன்று இன்னொன்றோடு சேரவே கூடாது.

உணவுக் குழாய்களுக்கு 'என்ஃபிட்'. இது லூயரைவிடப் பெரியது. நோயாளி பக்கம் முனையும், சிரிஞ்ச் பக்கம் குழியும் இருக்கும். வழக்கமான சிரிஞ்சுக்கு நேர் எதிர்.

முதுகுத்தண்டு, நரம்பு சார்ந்த ஊசிகளுக்கு 'என்ஆர்ஃபிட்'. இது லூயரைவிடச் சுமார் 20 விழுக்காடு சிறியது. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். ஆனால் பாதுகாப்பு நிறத்தில் இல்லை, வடிவத்தில்தான். நிறத்தைக் கவனிக்காமல் போகலாம். பொருந்தாத முனையை மாட்ட முடியாது.

இந்த இரண்டு வடிவங்களுக்கான தரநிலைகளும் 2016இல் வெளிவந்தன. ஆனால் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. ஊசி, சிரிஞ்ச், குழாய், பம்ப், மூடி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பாதி பழசு, பாதி புதுசு என்றால் குழப்பம் இன்னும் கூடும். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2025 ஜனவரி இறுதிக்குள் என்ஆர்ஃபிட்டுக்கு மாறும்படி மருத்துவமனைகளுக்குக் கெடு விதித்தது. நாட்டிங்ஹம் சம்பவம் நடந்து அப்போது 24 ஆண்டுகள்.

புது வடிவம், புதுச் சிக்கல்

ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று முளைக்கும். என்ஃபிட் சிரிஞ்சில் குழி பெரியது என்பதால் அதன் ஓரங்களில் கொஞ்சம் மருந்து தேங்கும். பெரியவர்களுக்கு அந்தச் சில துளிகள் பொருட்டில்லை. குறைமாதக் குழந்தைக்கு அதுவே மருந்தின் அளவை மாற்றிவிடும். அதனால் குறைந்த அளவு மருந்துக்கென்று தனி முனை கொண்ட சிரிஞ்சை உருவாக்கினார்கள்.

இன்சுலின் பம்ப்பிலும் ஒரு பாடம் உண்டு. சில பம்ப்களின் குழாய் இணைப்பில் நுண்ணிய காற்றுத் துவாரங்கள் இருக்கும். பம்ப்புக்கு உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க அவை உதவுகின்றன. குழாயை நிரப்பும்போது திரவம் பட்டு அந்தத் துவாரம் அடைபட்டால் சமநிலை கெடும். இன்சுலின் தேவைக்கு அதிகமாகப் போய்விடக்கூடும். இந்தக் காரணத்துக்காக 2017இல் மெட்ரானிக் நிறுவனம் சில குழாய்த் தொகுப்புகளை மீட்டுக்கொண்டது.

இன்னொன்று கிருமி. ஊசி குத்தாமலே மருந்து செலுத்த உதவும் இணைப்புகள் 1990களில் பரவலாகின. தாதியர் கையில் ஊசி குத்தும் ஆபத்து குறைந்தது. ஆனால் அந்த இணைப்பின் முகப்பில் கிருமி தங்கினால் அது நேராக ரத்தத்துக்குள் போகும். அதனால்தான் தாதி ஒவ்வொரு முறையும் ஆல்கஹாலால் அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, பிறகு மாட்டுகிறார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சிங்கப்பூரில் மருத்துவச் சாதனங்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்காணிக்கிறது. ஆனால் உணவுக் குழாய், இன்சுலின் பம்ப், வீட்டிலேயே டிரிப் என்று பல குடும்பங்கள் இப்போது இவற்றை வீட்டில் கையாளுகின்றன. பாட்டியைப் பார்த்துக்கொள்பவர் நீங்களாக இருக்கலாம், பணிப்பெண்ணாக இருக்கலாம். இவற்றை அவரிடமும் சொல்லிவையுங்கள்:

- எதையும் மாட்டும் முன், குழாயைத் தொடக்கத்திலிருந்து உடலுக்குள் நுழையும் இடம் வரை விரலால் தொட்டுப் பாருங்கள். நடுவில் பார்த்து ஊகிக்க வேண்டாம்.
- பொருந்தாவிட்டால் பலவந்தப்படுத்தாதீர்கள். பொருந்தாமல் இருப்பது ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். கடையில் வாங்கிய மாற்று இணைப்பைப் போட்டுச் சமாளிக்கவும் வேண்டாம். தாதியை அழைத்துக் கேளுங்கள்.
- கையால் இறுக்கினால் போதும். இடுக்கி வைத்து இறுக்கினால் விரிசல் விழலாம்.
- இணைப்பு ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கிறதா? உள்ளே காற்றுக் குமிழி தெரிகிறதா? துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அது கசிவின் அறிகுறி.
- மருத்துவமனையில் குழாய் கழன்றால் நீங்களே திரும்ப மாட்டாதீர்கள். மணியை அழுத்துங்கள்.
- வீட்டில் நெஞ்சு அல்லது கழுத்துப் பக்கக் குழாய் கழன்றுவிட்டால், உடலுக்கு மிக அருகில் உள்ள கிளிப்பை உடனே மூடுங்கள். நோயாளியை இடப்பக்கமாகப் படுக்கவையுங்கள். 995ஐ அழையுங்கள்.
- வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவமனையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்துபாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது டிரிப் பையில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அப்படியே குழாயோடு கண்ணைக் கீழே இறக்கி, அந்தச் சின்ன இணைப்பையும் ஒருமுறை பாருங்கள். ஈரமாக இருந்தால் தாதியிடம் சொல்லுங்கள். அதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.