சாலையில் நடந்து செல்பவரைக் கார் மோதினால்… சட்டம் தரும் உரிமைகள் என்ன?

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ், கெமிஞ்சே என எந்தப் பக்கம் போனாலும் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் சாலைகளைக் காணலாம். லயத்து வீடுகள் ஒரு பக்கம் இருந்தால், ஆலயமும் மளிகைக் கடையும் பஸ் நிறுத்தமும் மறுபக்கம் இருக்கும். பல இடங்களில் நடைபாதை கிடையாது. விளக்கு வெளிச்சமும் குறைவு. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகிறவர், பள்ளி விட்டு வரும் பிள்ளை, மாலையில் கோயிலுக்குப் புறப்படும் பாட்டி என எல்லாரும் சாலையோரப் புல்தரையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

இப்படி நடந்து செல்பவரைக் கார் மோதிவிட்டால், குடும்பத்தார் முதலில் மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். அது சரிதான். ஆனால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். மறுநாள் மோதியவர் பழக்கூடையும் சில நூறு வெள்ளியுமாக வந்து நிற்பார். “போலீசுக்குப் போக வேண்டாம், செலவை நான் பார்த்துக்கிறேன்” என்பார். “பாவம், அவரும் பிள்ளைகுட்டிக்காரர்” என்று வீட்டாரும் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து, காலில் இரும்புத் தகடு வைத்து வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கும்போது அவரது தொலைபேசி எடுக்கப்படாது.

பணம் கட்டுவது யார்?

இந்த இரக்கத்திற்குக் காரணம், இழப்பீட்டை ஓட்டுநர் தன் சொந்தச் சட்டைப்பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்ற தவறான எண்ணம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவின்படி, சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திற்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அந்த வாகனத்தால் வெளியாள் ஒருவருக்கு மரணமோ உடற்காயமோ ஏற்பட்டால் இழப்பீடு கொடுப்பதற்கென்றே அந்தக் காப்புறுதி எடுக்கப்படுகிறது. நீதிமன்றம் தீர்ப்பளித்த தொகையைக் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டும் என்று அதே சட்டத்தின் 96ஆவது பிரிவு கூறுகிறது. ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை, அவர் குடித்திருந்தார் என்ற காரணங்களைக் காட்டி, அடிபட்டவருக்குப் பணம் தர நிறுவனம் மறுக்க முடியாது. அந்தக் கணக்கை அது ஓட்டுநரிடம் பின்னர் தீர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, முறைப்படி இழப்பீடு கேட்பதால் ஓட்டுநரின் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

முதல் 24 மணி நேரம்

விபத்து நடந்தால் ஓட்டுநர் வாகனத்தை நிறுத்த வேண்டும். தன் பெயர், முகவரி விவரங்களைத் தர வேண்டும். காயமடைந்தவருக்கு உதவ வேண்டும். 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். இவை 52ஆவது பிரிவு ஓட்டுநர் மீது சுமத்தும் கடமைகள். அவர் செய்யும் புகாரில் அவருடைய கதைதான் இருக்கும். “திடீரென்று குறுக்கே ஓடிவந்தார்” என்று எழுதியிருந்தால், அதை மறுக்க அடிபட்டவர் தரப்பிலும் ஒரு புகார் இருக்க வேண்டும்.

அடிபட்டவர் மருத்துவமனையில் இருந்தால் கணவரோ மனைவியோ பிள்ளையோ போய்ப் புகார் செய்யலாம். அவர் தேறிய பிறகு, தாமதத்திற்கான காரணத்தைச் சொல்லித் தாமே ஒரு புகார் செய்யலாம். புகார் மலாயில் பதிவாகும். படிக்கத் தெரியாதவர், துணைக்கு ஒருவரை அழைத்துச் சென்று, எழுதியதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். எந்தப் பக்கம் நடந்தார், கார் எந்தத் திசையிலிருந்து வந்தது, அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அதில் இடம்பெறுவது முக்கியம்.

அன்றைய தினமே செய்ய வேண்டிய வேறு சில காரியங்களும் உண்டு. காரின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியில் அந்த இடத்தையும் பிரேக் தடத்தையும் காரின் சேதத்தையும் படம் பிடித்து வைக்க வேண்டும். பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடிபட்டபோது அணிந்திருந்த சட்டை, செருப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதும் நல்லது.

தண்டனை வேறு, இழப்பீடு வேறு

போலீசார் விசாரித்து ஓட்டுநர் மீது குற்றம் சாட்டுவது ஒரு வழி. கவனக்குறைவாக ஓட்டியதற்கு 43ஆவது பிரிவு, அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்ததற்கு 41ஆவது பிரிவு எனத் தனித்தனிக் குற்றங்கள் உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு 41ஆவது பிரிவின் கீழ் முதல் குற்றத்திற்கே 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும் 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஆனால் அபராதப் பணம் அரசாங்கக் கருவூலத்திற்குப் போகும். அதில் ஒரு காசும் அடிபட்டவருக்கு வராது.

இழப்பீட்டுக்குத் தனியாகச் சிவில் வழக்குத் தொடுக்க வேண்டும். சாலை விபத்து வழக்குகளில் எவ்வளவு தொகையானாலும் தீர்ப்பளிக்கும் அதிகாரம் செஷன்ஸ் நீதிமன்றத்திற்கு உண்டு. போலீசார் ஓட்டுநர் மீது குற்றம் சாட்டாவிட்டாலும், அவர் விடுதலையானாலும் சிவில் வழக்குத் தொடுக்கத் தடையில்லை. குற்றவியல் வழக்கில் ஐயத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சிவில் வழக்கில் யார் பக்கம் நியாயம் அதிகம் என்று காட்டினால் போதும்.

எவை எவற்றுக்குக் கேட்கலாம்?

வலிக்கும் உடல் ஊனத்திற்கும் ஒரு தொகை. மருத்துவச் செலவு, மருத்துவமனைக்குப் போய்வந்த வண்டிச் செலவு, ஊன்றுகோல், பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவு ஆகியவற்றுக்கு ஒரு தொகை. இழந்த சம்பளத்திற்கும் இனி இழக்கப்போகும் சம்பளத்திற்கும் ஒரு தொகை. முதல் வகைக்கு மருத்துவ அறிக்கை வேண்டும். இரண்டாவதற்கு ரசீது வேண்டும். மூன்றாவதற்குச் சம்பளச் சீட்டு வேண்டும்.

தோட்டத்தில் குத்தகையாளரிடம் நாள்கூலிக்குப் போகிறவர்கள் பலர் சம்பளச் சீட்டு இல்லாமல் சிரமப்படுகிறார்கள். விபத்து நடந்த சமயத்தில் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்று காட்டினால்தான் எதிர்கால வருமான இழப்பைச் சட்டம் ஏற்கும். ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை, வங்கிக் கணக்கு, முதலாளியின் கடிதம் ஆகியவை இங்கே கைகொடுக்கும்.

நடந்தவர் மீதும் தவறிருந்தால்?

இருட்டில் கறுப்புச் சட்டையோடு சாலை நடுவே நடந்தார், பார்க்காமல் கடந்தார் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். அதனால் வழக்கு அடியோடு தோற்றுவிடாது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி நீதிமன்றம் தவறைப் பங்கிடும். இழப்பு 50,000 வெள்ளி என்றும் நடந்தவர் மீது 30 விழுக்காடு தவறு என்றும் முடிவானால், அவருக்கு 35,000 வெள்ளி கிடைக்கும். “என் மேலும் தப்பு இருக்கே” என்று ஒதுங்கிவிடத் தேவையில்லை.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால்

வீட்டிலிருந்து வேலைக்கோ, வேலையிலிருந்து வீட்டிற்கோ நடந்து போகும்போது அடிபட்டால் அது வேலையிட விபத்தாகவே கருதப்படும். 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் தரும் சலுகை இது. சொக்சோ எனும் பெர்கேசோ அலுவலகத்திற்கு முதலாளி 48 மணி நேரத்திற்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக ஊனத்திற்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்திற்கும் உதவித்தொகை உண்டு. தொழிலாளி இறந்தால் குடும்பத்தாருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் சொந்தக் காரியமாக வழி மாறிப் போயிருந்தால் இது பொருந்தாது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு.

சொக்சோ பணம் வாங்கியவர் கார் ஓட்டுநர் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பது தவறான பேச்சு. இரண்டையும் நாடலாம். ஆனால் வேலை நேரத்தில் தோட்டத்து லோரியே மோதினால் நிலைமை வேறு. சொக்சோ பாதுகாப்பு உள்ள தொழிலாளி அந்த வேலையிட விபத்துக்காக முதலாளி மீது வழக்குப் போட 31ஆவது பிரிவு இடம் தராது. மேலும், தோட்ட நிர்வாகமே பராமரிக்கும் உட்பாதையைச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொதுச் சாலையாகக் கணக்கிடுவதில்லை. அங்கே நடந்த விபத்தில் காப்புறுதி நிறுவனம் இதைக் காட்டி வாதிட வாய்ப்புண்டு. எனவே விபத்து நடந்தது எந்தச் சாலை, எந்த இடம் என்பதைப் புகாரில் துல்லியமாகச் சொல்ல வேண்டும்.

காப்புறுதி இல்லாத வாகனமா?

ரோட் டேக்ஸ் செத்துப்போன மோட்டார் சைக்கிள்கள் தோட்டப்புறத்தில் புதிதல்ல. அப்படிப்பட்ட வாகனத்தால் அடிபட்டால், காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்துள்ள ‘மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோ’ என்ற அமைப்பு இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்கும். மோதிவிட்டு ஓடியவர் யாரென்றே தெரியாதபோது சட்டப்படி கேட்க முடியாவிட்டாலும், கருணைத் தொகைக்கு இவ்வமைப்பிடம் மனுச் செய்து பார்க்கலாம். இரண்டுக்கும் போலீஸ் புகார் அவசியம்.

உயிர் போய்விட்டால்

இறந்தவரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் வாழ்வாதார இழப்புக்கு வழக்குத் தொடுக்கலாம். துயர இழப்பீடாக இருந்த 10,000 வெள்ளி, 2019 செப்டம்பர் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தால் 30,000 வெள்ளியாக உயர்ந்தது. வருமான இழப்பைக் கணக்கிடும் வயது வரம்பும் 55இலிருந்து 60 ஆனது.

இங்கேதான் பல தோட்டத்துப் பெண்கள் தடுமாறுகிறார்கள். கோயிலில் தாலி கட்டி, இருபது ஆண்டு குடும்பம் நடத்தியிருப்பார்கள், திருமணம் பதிவாகியிருக்காது. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவில்லாத இந்து வழக்கப்படியான திருமணத்தை ஏற்று, சாலை விபத்தில் இறந்தவரின் மனைவிக்கு உரிமை உண்டு என்று 1997இல் ஓர் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பின்னர் பதிவில்லாத் திருமணத்தை ஏற்காத தீர்ப்புகளும் வந்துள்ளன. ஆக, பதிவுப் பத்திரம் இல்லாத மனைவி இழப்பீடு கேட்கும் முன், தான் மனைவி என்பதையே நிரூபிக்கப் போராட வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு இந்தத் தடை இல்லை. பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டாலும் அவர்கள் உரிமை கோரலாம்.

கால வரம்பு

காயத்திற்கான வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். மரணத்தால் வாழ்வாதாரம் இழந்த குடும்பத்தாருக்கு, இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான். மோதியது அரசாங்க வாகனம் என்றால் 36 மாதங்கள். அடிபட்டது சிறு பிள்ளையானால் கால வரம்பு 18 வயதிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆனாலும் பெற்றோர் காத்திருக்காமல் பிள்ளையின் சார்பில் தொடுப்பதே நல்லது. பிள்ளைக்கான சமரசத் தொகை எதுவாயினும் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

வெற்றுத்தாளில் கைநாட்டு வேண்டாம்

மருத்துவமனைக் கட்டிலருகே “நல்ல லாயர் இருக்கார், எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று வந்து நிற்கும் தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. வழக்குப் பிடித்துத் தர ஆள் வைப்பது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்குப் புறம்பானது. கிடைக்கும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதையும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. வழக்கறிஞரை அவருடைய அலுவலகத்தில் நேரில் பார்க்க வேண்டும். கட்டணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது. ஓட்டுநரோ காப்புறுதி நிறுவனமோ நீட்டும் “முழுத் தீர்வு” பத்திரமும் அப்படித்தான். அதில் கையெழுத்திட்ட பின் கூடுதல் தொகை கேட்பது மிகக் கடினம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சிரம்பானிலுள்ள சட்ட உதவித் துறையையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் அணுகி ஆலோசனை பெறலாம். போகும்போது போலீஸ் புகார், மருத்துவ அட்டை, ரசீதுகள், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டு போக வேண்டும்.

தோட்டத்தில் யாருக்கேனும் இப்படி ஆகிவிட்டால், ஆலயத் தலைவரும் தொழிற்சங்கக் கிளைத் தலைவரும் படித்த இளைஞர்களும் ஆறுதல் சொல்வதோடு நின்றுவிடாமல், காவல் நிலையம் வரை ஒருவர் துணைக்குப் போக வேண்டும். அன்று எழுதப்படும் அந்த ஒரு புகாரை வைத்துத்தான் அந்தக் குடும்பத்தின் அடுத்த பல ஆண்டுச் சோறு தீர்மானிக்கப்படும்.