கட்டைவிரல் வலியா? நீவி விடாதீங்க!



துணி பிழியும்போதும், தேங்காய் துருவும்போதும், குழந்தையைத் தூக்கும்போதும் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு ‘விண் விண்’ என்று தெறிக்கிறதா? உடனே வீட்டில், ‘சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிடும்’ என்பார்கள். அழுத்தி நீவினால் வலி கூடத்தான் செய்யும்.

பிரசவத்துக்கு வந்த என் நாத்தனாருக்கு மூன்றாவது மாதம் இப்படி வலி வந்தது. பால் டம்ளரைக்கூட பிடிக்க முடியவில்லை. ‘வேலைக்குப் பயந்து சாக்கு சொல்றா’ என்று வந்தவர்கள் பேச, பாவம், அழுதே விட்டாள்.

எலும்பு டாக்டரிடம் போனோம். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கச் சொன்னார். ‘அம்மா!’ என்று அலறிவிட்டாள். எக்ஸ்ரே கூட தேவைப்படவில்லை.

இதற்கு ‘டி கெர்வெய்ன்’ என்று பெயர். 1895-ல் இதைப் பற்றி எழுதிய சுவிட்சர்லாந்து டாக்டரின் பெயர் அது. கட்டைவிரலை அசைக்கும் 2 தசைநாண்கள், பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவது போல, மணிக்கட்டில் ஒரு உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்து இறுகினால், நாடா ஓடாமல் சிக்குமே, அந்தக் கதைதான். கைக்குழந்தைக்காரர்களுக்கு இது அதிகம் வருமாம்.

முதல் வைத்தியம், கைக்கு ஓய்வு. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையை 4 முதல் 6 வாரம் போட வேண்டும். மணிக்கட்டை மட்டும் சுற்றும் பேண்டேஜ் போதாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் கடையில் தாங்களாக மாத்திரை வாங்க வேண்டாம். அப்படியும் குறையாவிட்டால் அந்த உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். பலருக்கு அதிலேயே குணமாகிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். சிலருக்கு மட்டும்தான் சின்ன ஆபரேஷன்.

குழந்தையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு உள்ளங்கையைப் பிட்டத்துக்குக் கீழும், இன்னொன்றைக் கழுத்துக்கும் முதுகுக்குமாகக் கொடுத்து, மணிக்கட்டு வளையாமல் அள்ளி எடுங்கள். பால் கொடுக்கும்போது மடியில் தலையணை வையுங்கள்.

விரல்கள் மரத்துப் போனால் அது வேறு நோயாக இருக்கலாம். சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பட்டை போட்ட கையோடு பாத்திரம் தேய்த்தால் எந்த வைத்தியமும் பலிக்காது. எங்கள் வீட்டில் அந்த 5 வாரமும் குழந்தையைத் தூக்கிக் கொடுத்தது மாமியார்; துணி பிழிந்தது என் கணவர். ஆம்பளைங்க பிழிஞ்சாலும் துணி காயத்தான் செய்யுது, தோழிகளே!

- ஒரு வாசகி, கும்பகோணம்.