நெஞ்சில் நெறிக்கட்டு: ஸ்கேன் அறிக்கை சொல்வது என்ன?

சி.டி. ஸ்கேன் அறிக்கையுடன் என் அறைக்கு வரும் குடும்பத்தினர் பலரும் ஒரே வரியைத்தான் சுட்டிக்காட்டுகின்றனர்: நெஞ்சின் நடுப்பகுதியில் நிணநீர்க் கணுக்கள் காணப்படுகின்றன. முந்தைய இரவு எவரும் உறங்கவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும்போது நாம் தொட்டுணர்வது இத்தகைய கணுக்களையே. நெஞ்சுக்குள், மூச்சுக்குழலைச் சூழ்ந்தும் இவை பிறவியிலேயே உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டுவது இவற்றின் பணி. ஆகவே நலமாக உள்ளவரின் ஸ்கேனிலும் இவை தெரியும்.

எந்த அளவு வரை இயல்பு? நலமாக உள்ளோரின் படங்களைப் பார்த்தே இதற்கு விடை காண இயலும். கால்நடை மருத்துவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. அவர்கள் நோயற்ற நாய்களை ஸ்கேன் செய்து கணுக்களை அளக்கின்றனர். நாய் மூச்சை அடக்கிப் படுத்திருக்காது. பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். சிவாவாவும் கிரேட் டேனும் ஒரே மில்லிமீட்டர் கணக்கில் அடங்குமா? எனவே கணுவின் அளவை அந்தந்த நாயின் முதுகெலும்புடன் ஒப்பிடும் முறையும் உண்டு. மனிதரிடையே உடலளவில் அத்தனை வேறுபாடு இல்லை. கணுவின் குறுகிய விட்டம் 10 மில்லிமீட்டர் என்பதைப் பொதுவாக எல்லையாகக் கொள்கிறோம்.

அந்த எல்லையும் இறுதித் தீர்ப்பன்று. காசநோய், சார்க்காய்டோசிஸ், நிமோனியா, இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் கணு பெரிதாகும்; புற்றுநோயிலும் பெரிதாகும். மறுபுறம், 8 மில்லிமீட்டர் கணுவிலும் புற்றுநோய்ச் செல்கள் இருக்கக்கூடும். பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் புற்றுநோயே எனச் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். காசநோய்க் கணுவும் அவ்வாறே ஒளிரும். நம் நாட்டில் இதை மறக்கலாகாது. சுண்ணாம்பு படிந்த கணுவோ பெரும்பாலும் ஆறிப்போன பழைய தொற்றின் தழும்பு.

ஐயம் நீடித்தால், மூச்சுக்குழல் வழியே அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயைச் செலுத்தி, ஊசியால் கணுவிலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிக்கிறோம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். இது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. சிலருக்குச் சில மாதங்கள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்து ஒப்பிடுவதே போதும்.

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எத்தனை ஆண்டு பழையவையாயினும் கொண்டு வாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படமோ குறுந்தகடோ வேண்டும். முன்பு காசநோய்க்கு மருந்து உட்கொண்டிருந்தாலும், வீட்டில் எவருக்கேனும் அந்நோய் இருந்திருந்தாலும் தயங்காமல் கூறுங்கள். 5 ஆண்டுகளுக்கு முன்பு இருந்த கணு இன்றும் அதே அளவில் இருப்பின், பெரும்பாலும் நாங்கள் ஊசியை எடுக்க வேண்டியிருக்காது.