அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவர் மூவர்

அரசன் இறந்தால் அவன் மைந்தன் அரியணை ஏறுவது உலகம் நெடுங்காலம் கண்டு பழகிய முறை. வெற்றிபெற்ற படைத்தலைவன் வாளின் வலியால் நாட்டைக் கைக்கொள்வதும் வரலாற்றிற்குப் புதிதன்று. ஆனால், அதிகாரம் உடையார் தாமே அதனை விட்டு நீங்குதலும், தேர்தலில் தோற்றவர் வென்றவர்க்கு வழிவிட்டு விலகுதலும் பதினெட்டாம் நூற்றாண்டில் அரியனவாகவே இருந்தன. அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவர்களாகிய ஜார்ஜ் வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன் என்னும் மூவரும் உற்ற இடையூறுகள் பல. பின்னோர்க்கு வைத்துச்சென்ற செல்வங்களும் பல. அவற்றுள் இவ்விலகுமுறையே தலையாயது என்பது நம் கருத்து. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விடுதலைப் போரின் இறுதியில் வெற்றிச் சேனை முழுதும் வாஷிங்டன் கையில் இருந்தது. முடியரசே நாட்டிற்கு நன்றென்று 1782-இல் சேனை அதிகாரி ஒருவர் அவருக்கு எழுதியபொழுது, அவர் அதனைக் கடிந்து மறுத்தார். 1783-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அன்னாபொலிஸ் நகரிற் கூடியிருந்த காங்கிரஸ் சபையாரிடம் தம் சேனாதிபதிப் பதவியை ஒப்புவித்துத் தம் பண்ணைக்கு மீண்டார். இவ்வாறு அதிகாரத்தைத் துறந்தமையாலேயே மக்கள் அவரை அஞ்சாது நம்பினர். 1787-இல் புதிய அரசியற் சட்டம் வரையப்பட்டபின், தேர்வாளர் அனைவரும் ஒருமனதாக அவரையே தலைவராகத் தேர்ந்தனர். 1789-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் நியூயார்க் நகரில் அவர் பதவிப்பிரமாணம் செய்துகொண்டார்.

அவர் நடக்க வேண்டிய வழியில் முன் சென்றார் எவருமிலர். தலைவரை எவ்வாறு அழைப்பது என்பதே முதல் வினாவாயிற்று. செனட் சபையிற் சிலர் அரசர்க்குரியது போன்ற நெடிய பட்டமொன்றை விரும்பினர். பிரதிநிதிகள் சபையார் அதனை ஏற்கவில்லை. 'ஐக்கிய நாடுகளின் தலைவர்' என்னும் எளிய பெயரே நிலைத்தது. தேசத்திற்கும் தனித்தனி நாடுகளுக்கும் உரிய போர்க்கடனோ 7 கோடி டாலருக்கு மேற்பட்டது. அதனைத் தீர்ப்பதற்கு நிதியமைச்சர் ஹாமில்டன் வகுத்த திட்டங்களையும், அவர் நிறுவ முயன்ற தேசிய வங்கியையும் பற்றி அவருக்கும், வெளிநாட்டு அமைச்சராயிருந்த ஜெபர்சனுக்கும் பெரும்பிணக்கு விளைந்தது. அரசியற் கட்சிகள் இரண்டு இதனின்று தோன்றின. விஸ்கி மதுவின்மீது விதித்த தீர்வையை எதிர்த்து மேலைப் பென்சில்வேனியாவில் 1794-இல் கலகம் மூண்டது. வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 வீரரைத் திரட்டி அதனை அடக்கினார். மரண தண்டனை பெற்ற இருவரையும் பின்னர் மன்னித்தார். மூன்றாம் முறையும் தலைவராதற்குத் தடையில்லாதிருந்தும், 1796-இல் மக்களிடம் எழுத்து வாயிலாக விடைபெற்று, 1797-இல் பதவி நீங்கினார்.

அடுத்து வந்த ஆடம்ஸ் காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களோடு கடலில் மோதல் மிகுந்தது. போர் தொடுக்க வேண்டுமென அவர்தம் கட்சியினருள்ளே பலர் வற்புறுத்தினர். அவரோ தூதரை அனுப்பி 1800-இல் உடன்படிக்கை செய்தார். எனினும், அரசாங்கத்தைப் பழித்தெழுதுவாரைத் தண்டிக்கும் சட்டத்திற்கு 1798-இல் ஒப்பமிட்டது அவர் புகழிற்கு மாசாயிற்று. பத்திரிகையாளர் சிலர் அச்சட்டத்தாற் சிறைப்பட்டனர்.

1800-ஆம் ஆண்டுத் தேர்தலே அக்குடியரசிற்குப் பெருஞ்சோதனை. ஆடம்ஸ் 65 வாக்குகளே பெற்றுத் தோற்றார். ஜெபர்சனும் அவர் கட்சியினரான ஆரன் பர் என்பவரும் தலைக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். தீர்ப்புப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. அங்கே 36 முறை வாக்கெடுத்தபின்னரே, 1801 பிப்ரவரி 17-இல் ஜெபர்சன் தேர்வு பெற்றார். மார்ச் 4-ஆம் நாள் விடியுமுன்னரே ஆடம்ஸ் தலைநகரை விட்டகன்றார். அவர் வென்றவரை வாழ்த்த நிற்கவில்லை. ஆயினும் அவரைத் தடுக்கப் படையை அழைக்கவுமில்லை. ஆட்சி ஒரு கட்சியினின்று மற்றொரு கட்சிக்கு ஒரு துளி உதிரமுஞ் சிந்தாமல் மாறிற்று. இத்தகைய சிக்கல் மீளவும் நேராதவாறு 1804-இல் அரசியற் சட்டமும் திருத்தப்பட்டது. ஜெபர்சன் 1803-இல் பிரான்ஸிடமிருந்து லூயிசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கி நாட்டின் பரப்பை ஏறத்தாழ இருமடங்காக்கினார். அவரும் இருமுறைக்கு மேல் பதவியை விரும்பவில்லை.

இனி, இவர்தம் குறையையும் மறைத்தல் நேர்மையன்று. மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776-இல் எழுதிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட அடிமைகளை உடையவராயிருந்தார். அவருள் விடுதலை பெற்றோர் மிகச் சிலரே. வாஷிங்டன் தமக்கு உரிமையான 123 அடிமைகளை விடுவிக்குமாறு 1799-இல் மரண சாசனம் எழுதினார். தாம் வாழ்ந்த காலத்தில் அதனைச் செய்தாரல்லர். மூவருள் அடிமைகளை வைத்திராதவர் ஆடம்ஸ் ஒருவரே. பதவியை விடத் துணிந்த கைகள் மாந்தரை விடத் துணிந்தில. அத்தவற்றின் பயனைப் பின்வந்த தலைமுறையினர் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் உதிரத்தால் துய்த்தனர்.

இருமுறைக்கு மேல் தலைமை வேண்டாமை, எழுதா வழக்காகவே 1940 வரை நிலவிற்று. அவ்வாண்டில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை தேர்வு பெற்றபின், 1951-இல் அது எழுதிய சட்டமாயிற்று. ஆனால், தோற்றவர் விலகுதல் என்னும் மற்றை வழக்கைச் சட்டம் ஒன்றே காத்தல் அரிது. 2021-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், தேர்தல் முடிவை ஏற்காத கூட்டத்தார் காங்கிரஸ் மாளிகையுட் புகுந்தனர். அவ்விரவே சபையார் மீண்டுங் கூடி, மறுநாள் வைகறையில் வாக்கெண்ணிக்கையை நிறைவேற்றினர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்ற வழக்கும் ஒரு பிற்பகலில் அசையக்கூடும் என்பதை உலகம் அன்று கண்டது. குடியரசின் உறுதி வென்றவர் ஆளுந் திறத்தில் மட்டுமன்று. தோற்றவர் வாயிலைத் திறந்து வெளிச்செல்லும் பண்பிலும் இருக்கின்றது. அப்பண்பைத் தலைமுறைதோறும் புதிதாகவே கற்க வேண்டியிருக்கின்றது.