கடலில் வாழும் ஆமை கடலிலேயே மூழ்கிச் சாகுமா? நள்ளிரவில் மணலில் தடம் தேடும் கல்லூரி மாணவர்கள்!

ராத்திரி 11 மணிக்கு மேல் இருக்கும். நீலாங்கரை கடற்கரை. பத்துப் பதினைந்து இளவட்டங்கள் கூடுகிறார்கள். கையில் துணிப்பை, ஒரு கம்பு, ஒரு நோட்டுப் புத்தகம். டார்ச் லைட் இருக்கிறது, ஆனால் அடிப்பதில்லை. அங்கிருந்து பெசன்ட் நகர் வரை 7 கிலோ மீட்டர், மணலில் கால் புதையப் புதைய நடக்கிறார்கள்.

பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். இவர்கள் திருட வந்தவர்கள் அல்ல. நாயும் நரியும் மனிதனும் எடுத்துப் போவதற்குள் ஆமை முட்டையைக் காப்பாற்ற வந்தவர்கள்!

தடம் சொல்லும் சேதி

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை சென்னைக் கரையில் ஏறி முட்டையிடும். ‘ஆலிவ் ரிட்லி’ என்று கல்லூரிப் புத்தகத்தில் இருப்பதும் இதுதான். ஆமை ஏறி இறங்கிய இடத்தில் டிராக்டர் டயர் போன மாதிரி தடம் விழும். தடத்தைப் பிடித்துப் போய், கம்பால் மெல்லக் குத்திப் பார்த்தால், மணல் இளகிய இடத்தில் குழி இருக்கும். உள்ளே சுமார் நூறு முட்டை. குலுக்காமல் எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். முட்டையை அங்கேயே விட்டால், வெளிவரும் குஞ்சுகள் தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுப் பக்கம் போய்விடும்.

1970-களின் தொடக்கத்தில் சென்னை பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கிய நடை இது. 1988 முதல் மாணவர்களே ஒரு அமைப்பாகச் சேர்ந்து, வனத்துறை அனுமதியோடு நடத்தி வருகிறார்கள். எல்லோரும் விலங்கியல் படிப்பவர்கள் என்று நினைக்கவேண்டாம். என்ஜினீயரிங், காமர்ஸ் பிள்ளைகளும் உண்டு.

வெறும் ராத்திரிக்கும் கணக்கு

நடப்பது பாதி வேலைதான். மீதி நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தேதி, நேரம், இடம், குழியின் ஆழம், முட்டை எத்தனை. பிறகு ஓட்டை எண்ணிப் பார்த்து, பொரித்தது எத்தனை சதவீதம் என்று கணக்கு. மண்ணின் சூடும் முக்கியம். சுமார் 29, 30 டிகிரியில் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் ஏறினால் பெண் குஞ்சுகள் அதிகம். இறங்கினால் ஆண் குஞ்சுகள்.

இதில் ஒரு சூட்சுமம். ஆமையே வராத ராத்திரிக்கு ‘பூஜ்யம்’ என்று எழுதவேண்டும். யாரும் நடக்காத ராத்திரிக்குப் பூஜ்யம் போடக்கூடாது. ‘நடக்கவில்லை’ என்றுதான் எழுதவேண்டும். இரண்டையும் குழப்பினால், ஆமை குறைந்துவிட்டது என்று அடுத்த வருஷம் பொய்க் கணக்கு வந்து நிற்கும். வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். தூக்கம் கெட்டு நடந்தவனுக்குத்தான் அதன் அருமை புரியும்.

கரை ஒதுங்கிய பிணங்கள்

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கடல் பிராணி கடலில் எப்படிச் சாகும்? ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்துதான் மூச்சுவிடவேண்டும். இழுவலையில் சிக்கித் திமிறினால் சீக்கிரமே மூச்சு தீர்ந்துவிடும். முட்டையிடும் வயதுக்கு வர ஒரு பெண் ஆமைக்குப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அத்தனையும் ஒரே வலையில் போச்சு!

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தானாகவே வழக்காக எடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோ மீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை தப்பிப் போக வலையில் வழிவிடும் கருவியும் இருக்கிறது. இருந்தும் பிணம் ஒதுங்கியது.

‘வழக்கத்தைவிட அதிகம்’ என்று சொல்லவேண்டுமானால் வழக்கம் எவ்வளவு என்று தெரியவேண்டும் அல்லவா? செத்த ஆமையையும் இவர்கள் குறித்து வைக்கிறார்கள். முட்டை கணக்கும் பிணக் கணக்கும் சில நாள் ஒரே பக்கத்தில்!

விடியற்காலை 4 மணி வாக்கில் பெசன்ட் நகரில் நடை முடியும். அப்புறம் வீடு. ஒன்பது மணிக்குக் கல்லூரி.

கடற்கரையில் ஆமை ஏறுவதைப் பார்த்தால் வெளிச்சம் அடிக்கவேண்டாம், தொடவேண்டாம், எட்டவே நில்லுங்கள். முட்டையை எடுப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொன்னால் போதும்.