சட்டைப் பையில் அடங்கும் கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரிக்கு எதற்கு?



ராஸ்பெர்ரி பை என்ற பெயரைக் கேட்பவர்கள் அதை ஒரு தின்பண்டம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அது ஒரு கம்ப்யூட்டர். ஏறக்குறைய ஒரு ஏ.டி.எம். அட்டையின் அளவு, நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். பெட்டி கிடையாது, திரை கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஒரு பச்சைத் தகடு, அதன்மேல் சில சில்லுகள், ஓரங்களில் வயர் செருகும் துவாரங்கள், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு கிராம ஆஸ்பத்திரியில் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

இது பிறந்த இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய எபென் அப்டனும் அவருடைய சிநேகிதர்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கம்ப்யூட்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்தவர்களில் பலருக்குப் புரோகிராம் எழுதிய பழக்கமே இல்லை. 1980-களில் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரில் பிள்ளைகள் தாங்களாகவே எழுதிப் பழகினார்கள். அப்படிப்பட்ட மலிவான கருவி ஒன்று இந்தத் தலைமுறைக்கு வேண்டும் என்று எண்ணி, 2009-ல் ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். 2012 பிப்ரவரி 29-ம் தேதி 35 டாலர் விலையில் விற்பனை தொடங்கியது. முதலில் செய்தது 10,000 மட்டுமே. அன்று காலையிலேயே விற்பனையாளர்களின் இணையதளங்கள் கூட்டம் தாங்காமல் நின்றுபோயின. 2015 நவம்பரில் இன்னும் சிறிய 'ஸீரோ' 5 டாலருக்கு வந்தது. அந்த ஸ்தாபனத்தின் பத்திரிகை அட்டையில் அதை இலவசமாகவே ஒட்டிக் கொடுத்தார்கள்! கம்ப்யூட்டரை இலவச இணைப்பாகக் கொடுத்த பத்திரிகையை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். 2024-ல் கணக்குப் பார்த்தபோது 6 கோடிக்கு மேல் விற்றிருந்தது.

பிள்ளைகளுக்காகச் செய்த இந்தக் கருவி ஆஸ்பத்திரிக்குப் பிரயோஜனப்படுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மின்சாரம் மிகக் குறைவாகப் போதும்; ஒரு சிறிய எல்.இ.டி. பல்புக்கு வேண்டிய அளவுதான், சூரிய ஒளித் தகட்டிலும் ஓடும். லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் வேலை செய்வதால் உரிமக் கட்டணம் இல்லை. மூன்றாவதே முக்கியமானது. தகட்டின் ஓரத்தில் 40 சிறிய ஊசிகள் வரிசையாக நிற்கும். அவற்றில் வெப்பமானி, விளக்கு, மணி, மோட்டார் எதை வேண்டுமானாலும் இணைக்கலாம். சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரில் இந்த வசதி இல்லை.

தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜை எடுத்துக்கொள்வோம். அங்கே உஷ்ணம் 2 டிகிரிக்கும் 8 டிகிரி செல்சியஸுக்கும் நடுவே இருக்க வேண்டும். சூடானால் கெட்டுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது அநேகருக்குத் தெரியாது. முத்தடுப்பு ஊசி, ரணஜன்னி ஊசி, ஹெபடைடிஸ் பி ஊசி ஆகியவற்றில் மருந்து மிக நுண்ணிய அலுமினிய உப்புத் துகள்களில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அந்தத் துகள்கள் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும்; பிறகு உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மேலோட்டமாகப் பார்த்தால் குப்பியில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். வேண்டுமென்றே உறைய வைத்த ஒரு குப்பியையும் சந்தேகத்துக்குரிய குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சீக்கிரம் அடியில் படிகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ஊசி போடப்படுகிறது, பிள்ளை அழுகிறது, அட்டையில் குறிக்கப்படுகிறது. ஆனால் பாதுகாப்புக் குறைந்துவிட்டது, ஒருவேளை இல்லாமலே போய்விட்டது. அது அந்தத் தாய்க்கும் தெரியாது, ஊசி போட்ட நர்ஸுக்கும் தெரியாது.

பெரும்பாலான இடங்களில் நர்ஸ் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பிரிட்ஜின் உஷ்ணத்தைப் பார்த்துக் குறித்து வைக்கிறார். அது நல்ல வழக்கம்; அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் ராத்திரி 2 மணிக்கு உஷ்ணக் கட்டுப்பாடு பழுதாகி உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போய், விடிவதற்குள் மறுபடி 4 டிகிரிக்கு வந்துவிட்டால் அந்தத் தாளில் ஒன்றும் தெரியாது. இங்கேதான் நம் சிறிய கம்ப்யூட்டர் உதவுகிறது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு எலக்ட்ரானிக் வெப்பமானியை மூன்று வயர்களால் இணைத்துவிட்டால், 5 நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் மணி அடிக்கும். சிம் கார்டு போட்ட மோடம் ஒன்றைச் சேர்த்தால் டியூட்டி நர்ஸின் போனுக்குச் செய்தியும் அனுப்பும்.

சில நுணுக்கங்கள் உண்டு. வெப்பமானி முனையை அப்படியே தொங்கவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கும். இரண்டு நாளில் யாராவது எரிச்சலோடு வயரைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே முனையை கிளைக்கால் நிரப்பிய ஒரு சிறு குப்பிக்குள் வைக்க வேண்டும். அப்போது காற்றின் உஷ்ணத்தை விட்டு, மருந்தின் உஷ்ணத்துக்கு நெருக்கமானதை அளக்கும். இந்த வெப்பமானி அரை டிகிரி வரை பிசகக்கூடியது. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்தால் பூஜ்யம் காட்டுகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த, 30 நாள் உஷ்ணத்தைப் பதிவு செய்யும் கருவிகள் இருக்கின்றன. இந்திய அரசு 2015-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து தொடங்கிய 'ஈவின்' ஏற்பாடும் இருக்கிறது. தடுப்பூசிக் கிடங்குகளின் இருப்பையும் உஷ்ணத்தையும் போன் மூலம் கண்காணிப்பது அதன் வேலை. அங்கீகாரம் பெற்ற கருவி இருக்கும் இடத்தில் நம் சிறிய கம்ப்யூட்டர் கூடுதல் காவலாளியாக இருக்கலாம்; அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

அடுத்த உபயோகம் புத்தகசாலை. இணைய வசதி சரியாக இல்லாத மலைப்பகுதியில் ஒரு நர்ஸிங் பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள், விக்கிப்பீடியாவை முழுவதும் ஒரு நினைவக அட்டையில் அடக்கித் தருகிறது. ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு ஏறக்குறைய 100 ஜிபி. மருத்துவப் பகுதி மட்டும் என்றால் சில ஜிபிதான். தமிழ் விக்கிப்பீடியாவையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அட்டையைச் செருகி விட்டால், கம்ப்யூட்டர் தானே ஒரு வைஃபை வட்டத்தை உண்டாக்கும். மாணவிகள் தங்கள் போனிலேயே படிக்கலாம். டேட்டா செலவு இல்லை. 'பெட்டிக்குள் இணையம்' என்ற பெயரில் பல நாடுகளில் இதைச் செய்து வருகிறார்கள். கனடாவைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் ஹைல்மன் போன்ற விக்கிப்பீடியா மருத்துவர்கள் இதில் ஊக்கமாயிருக்கிறார்கள். ஒரே சமயத்தில் ஒரு வகுப்பு முழுவதும் வீடியோ பார்க்க முயன்றால் திணறும். வாசிப்பதற்கு நன்றாகவே போதும்.

பரிசோதனைக் கூடத்தில் இது செய்யக்கூடியது இன்னும் ஆச்சரியமானது. மலேரியா இல்லை என்று சொல்வதற்கு முன் லேப் டெக்னீஷியன் ஒரு ரத்தப் பூச்சில் குறைந்தது 100 இடங்களை லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டும். கண் அசந்துபோகும் வேலை. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தாரும் தான்சானியாவின் இஃபகாரா ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் சேர்ந்து 'ஓபன்ஃபிளெக்ஷர்' என்ற மைக்ராஸ்கோப்பை உருவாக்கியிருக்கிறார்கள். அதன் உடல் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்த பிளாஸ்டிக். அதன் மூளை ராஸ்பெர்ரி பை. சிறு மோட்டார்கள் கண்ணாடித் தகட்டை நகர்த்த, கேமரா தானாகவே படம் பிடித்துக்கொண்டு போகும். வரைபடங்கள் எல்லாருக்கும் இலவசம். உடைந்த பாகத்தை ஊரிலேயே அச்சடித்து மாற்றலாம் என்பது, உதிரி பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் லேப்காரர்களுக்குத்தான் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனாலும் நோய் முடிவை இதை நம்பிச் சொல்வதற்கு முன் அந்தந்த நாட்டின் அங்கீகாரம் வேண்டும்.

எதற்கு இது ஆகாது? நோயாளிகளின் பதிவேடுகளை இந்த ஒரே தகட்டில் வைப்பது சரியல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நினைவக அட்டை கெட்டுப்போவது இதன் நன்றாகத் தெரிந்த பலவீனம். பிரிட்ஜின் உஷ்ணக் கணக்கு ஒரு நாள் போனால் சமாளிக்கலாம். ஒரு காசநோயாளியின் மருந்துக் கணக்குப் போனால் சமாளிக்க முடியாது.

வாங்கிக் கொடுக்க விரும்புகிறவர்கள் தகட்டின் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். நல்ல பவர் அடாப்டர், தரமான நினைவக அட்டை, தூசி புகாத உறை, மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி எல்லாம் சேர்ந்தால் தகட்டின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு. 2023-ல் வந்த ஐந்தாம் மாடலுக்கு முந்தையவற்றில் கடிகாரமும் இல்லை. இணையம் இல்லாத இடத்தில் மின்சாரம் போய் வந்தால் நேரத்தைத் தவறாக எழுதும்; எந்த ராத்திரியில் மருந்து உறைந்தது என்றே தெரியாது. பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரத் துண்டு ஒன்றை மறக்காமல் சேர்க்க வேண்டும். ஐந்தாம் மாடலில் கடிகாரம் உண்டு. பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊரிலேயே ஒரு ஆள் வேண்டும். இஞ்சினியர் வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் ஆர்வமுள்ள ஒரு வாலிபரோ, பள்ளிக்கூட ஆசிரியரோ, ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனோ போதும். அவர் முதல் வாரத்திலேயே நினைவக அட்டையை அப்படியே நகல் எடுத்து, அந்த இரண்டாவது அட்டையை ஒரு கவரில் போட்டு, எப்படி மாற்றுவது என்று தமிழில் நாலு வரி எழுதி, பிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டி வைக்கட்டும். ராத்திரி டியூட்டியில் இருக்கும் நர்ஸே மாற்றிவிடலாம்.