பென்ஷனுக்கு ஆண்டுக்கு 11,000 கோடி... ராத்திரி ரோந்துக்கு யார்? கொங்கு மண்டலம் கவனிக்க வேண்டிய கணக்கு

2024 நவம்பர் இறுதியில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் அவர்களின் மகனும் கொல்லப்பட்டனர். ஐந்து மாதம் கழித்து, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதி. இந்த இரண்டாவது வழக்கில் பிடிபட்டவர்களுக்கு முதல் கொலையிலும் தொடர்பு இருப்பதாக போலீஸ் சொன்னபோதுதான் கோபம் இன்னும் ஏறியது. முன்னாடியே பிடித்திருந்தால்?

2025 நவம்பரில் கோவை விமான நிலையம் அருகே கல்லூரி மாணவிக்குக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை. சந்தேக நபர்கள் மூவரையும் போலீஸ் காலில் சுட்டுப் பிடித்தது. அந்தச் செய்தி சில நாளில் அடங்கிவிட்டது. இருட்டான இடங்களுக்கும், ஆள் நடமாட்டமில்லாத தோட்டங்களுக்கும் ராத்திரி யார் வருவார்கள் என்ற கேள்வி அடங்கவில்லை.

ரோந்துக்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம், அப்புறம் பென்ஷன். காசு எங்கே இருக்கிறது?

தமிழக அரசின் 2025-26 பட்ஜெட்டில் சம்பளத்துக்கு சுமார் 90,000 கோடி ரூபாய், ஓய்வூதியப் பலன்களுக்கு 41,000 கோடி, கடனுக்கான வட்டிக்கு 70,000 கோடி. மூன்றும் சேர்ந்தால் 2 லட்சம் கோடி. எதிர்பார்க்கப்பட்ட வருவாய் வரவோ 3.31 லட்சம் கோடி. அதாவது 100 ரூபாய் வந்தால், சுமார் 60 ரூபாய் வந்த வேகத்திலேயே போய்விடுகிறது. புதிய காவல் நிலையம், கூடுதல் போலீஸ், தெருவிளக்கு எல்லாம் மிச்சத்தில்தான். அதிலும் மானியங்களுக்குப் போன பிறகு.

பென்ஷன் தலைவலி புதிதல்ல. பழைய திட்டத்தில் ஊழியர் தன் பங்காக எதுவும் கட்டவில்லை. இன்றைய வரிப் பணத்தில்தான் நேற்றைய ஊழியருக்குப் பென்ஷன். அதனால்தான் 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களை அரசு பங்களிப்புத் திட்டத்துக்கு, அதாவது சிபிஎஸ்ஸுக்கு மாற்றியது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம், அரசும் அதே அளவு போடும். ஆனால் மாதாமாதம் இவ்வளவு வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. 20 வருடத்துக்கும் மேல் நடந்த போராட்டத்தின் சாரம் இதுதான்.

2026 ஜனவரி 3 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டினால் அதில் பாதி பென்ஷன். இரண்டும் சேர்ந்து 80,000 என்றால் மாதம் 40,000 உறுதி. ஊழியர் 10 சதவீதம் கட்டுவார், பற்றாக்குறை அரசின் தலையில். இதற்கு முதலில் ஒருமுறை 13,000 கோடி, பிறகு ஆண்டுக்கு சுமார் 11,000 கோடி என்றது அரசு.

இதை வைத்து 'பென்ஷன்காரங்களாலதான் போலீஸ் இல்லை' என்று பழி போடுவது தப்பு. தோட்டத்துப் பாதையில் ராத்திரி பைக்கில் போகும் கான்ஸ்டபிளும் பெரும்பாலும் 2003-க்குப் பிறகு சேர்ந்தவர்தான். ஆசிரியர்கள் தெருவில் இறங்கிப் போராடலாம். போலீஸ்காரர் சங்கம் வைக்கவோ போராடவோ சட்டத்தில் இடமில்லை. புதிய திட்டத்தின் பலன் அவருக்கும் சேர்த்துத்தான்.

பெரிய பில் இனிமேல்தான் வரும். 2003-ல் 23 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், 60 வயதில் ஓய்வு பெறுவது 2040-ல். அந்த ஆண்டுகளில் வரி கட்டிக்கொண்டிருக்கப் போவது, இப்போது கோவை ஐடி பார்க்கிலும் திருப்பூர் கம்பெனிகளிலும் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தலைமுறை.